பெருநகரத் தெருவைப் பார்க்கப் பழகுவது எப்படி? புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

புதிய நகரத்துக்கு வந்தவர்கள் முதல் சில வாரங்கள் கைப்பேசியில் தெரியும் நீலக்கோட்டைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார்கள். எந்தப் பேருந்து, எந்தத் திருப்பம் என்பதிலேயே கவனம் போய்விடும். அதே தெருவில் விளக்குக் கம்பத்தின் பின்பக்கம் யாரோ கையகலப் படம் ஒன்றை ஒட்டிவிட்டுப் போயிருப்பார்கள். நடைபாதைப் பள்ளத்தை யாரோ வண்ண ஓடுகளால் அடைத்திருப்பார்கள். சுரங்கப்பாதைப் படிக்கட்டின் அடியில் ஒருவர் வயலின் வாசித்துக்கொண்டிருப்பார். யாரும் கேட்காமல், பெரும்பாலும் யாரும் காசு கொடுக்காமல் நடக்கிற காரியங்கள் இவை. ஒரு நகரத்தைத் தெரிந்துகொள்ள இவற்றைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

இதற்குக் கலைப் படிப்பு வேண்டாம், கொஞ்சம் பழக்கம் போதும். எங்கே தொடங்குவது, எதைக் கவனிப்பது, தெருவில் கலை செய்பவர்களிடம் எப்படி நடந்துகொள்வது, அப்புறம் நீங்களே ஏதாவது செய்ய ஆசைப்பட்டால் எப்படித் தொடங்குவது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் ஒரு சின்ன வட்டாரம்

‘கட்டாயம் பார்க்க வேண்டிய சுவரோவியங்கள்’ என்று பட்டியல்கள் நிறையக் கிடைக்கும். அவற்றை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். பட்டியலோடு போனால் ஒரு படத்திலிருந்து இன்னொரு படத்துக்கு ஓடுவீர்கள், நடுவிலுள்ள தெரு கண்ணில் படாது. ஒரு மணி நேரத்தில் சுற்றி வந்துவிடக்கூடிய ஒரே ஒரு வட்டாரத்தை எடுத்துக்கொண்டு அங்கேயே திரும்பத் திரும்பப் போங்கள்.

எந்த வட்டாரம்? ரயில் பாதையை ஒட்டிய தெருக்கள், மேம்பாலத்துக்கு அடியில் உள்ள இடம், மூடிக்கிடக்கும் ஆலைகள், கலைக்கல்லூரியின் பின்பக்கம், வாடகை குறைந்த பழைய தெருக்கள் ஆகியவை நல்ல தொடக்கம். காரணம் இருக்கிறது. ரயில் பாதைச் சுவரில் வரைந்தால் தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் ஜன்னல் வழியே பார்ப்பார்கள். மூடிய ஆலையின் சுவரைப் பற்றிப் புகார் கொடுக்க ஆள் இருக்காது. வாடகை குறைந்த இடத்தில்தான் வரைபவர்களும் வாசிப்பவர்களும் குடியிருக்க முடியும்.

நேரத்தையும் மாற்றிப் பாருங்கள். கடை திறப்பதற்கு முந்தைய அதிகாலையில் ஷட்டர்கள் இறங்கியிருக்கும். அவற்றின் மேல் வரைந்தவை அப்போதுதான் தெரியும். வாசிப்பவர்களையும் ஆடுபவர்களையும் பார்க்க வேண்டுமானால் வேலை முடிந்து ஜனங்கள் திரும்பும் மாலை நேரம் வேண்டும். பழகாத இடத்துக்கு முதல் தடவை பகலில், முடிந்தால் துணையோடு போங்கள். தண்டவாளத்தில் இறங்குவது, பாழடைந்த கட்டடத்துக்குள் நுழைவது இரண்டும் வேண்டவே வேண்டாம். அங்கே படம் நன்றாக இருக்கும்தான், தளம் உறுதியாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

கண்ணை மேலும் கீழும் ஓட்டுங்கள்

நடக்கும்போது நாம் பார்ப்பது பெரும்பாலும் முகமட்டத்தில் உள்ளதைத்தான். கடைகளும் விளம்பரங்களும் அந்த உயரத்தை முழுக்க எடுத்துக்கொண்டுவிட்டன. அதனால் தெருக்கலைஞர்கள் பலர் அதற்கு மேலேயும் கீழேயும் போய்விட்டார்கள்.

மேலே என்றால் பாரிஸ் நல்ல உதாரணம். இன்வேடர் என்ற புனைபெயரில் ஒருவர் 1998 முதல் பழைய வீடியோ விளையாட்டுகளில் வரும் வேற்றுக்கிரக உருவங்களைச் சின்னச் சதுர ஓடுகளால் செய்து, தெருமுனைச் சுவர்களில் கைக்கு எட்டாத உயரத்தில் சிமெண்டு வைத்து ஒட்டி வருகிறார். அந்தக் காலத்து விளையாட்டு உருவங்கள் கட்டம் கட்டமாகத்தான் இருக்கும். ஒரு கட்டத்துக்கு ஓர் ஓடு என்று அப்படியே பொருந்திவிடுகிறது. வெயிலுக்கும் மழைக்கும் ஓடு சாயம் போகாது. பாரிஸில் மட்டும் இப்படி 1,500க்கும் மேல் இருக்கின்றன. 2014இல் வந்த ஒரு கைப்பேசிச் செயலியில் இவற்றைப் படம் பிடித்தால் புள்ளிகள் கிடைக்கும். அதற்காகவே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நடப்பவர்கள் இருக்கிறார்கள்.

கீழே என்றால் லண்டன். பென் வில்சன் என்பவர் நடைபாதையில் மிதிபட்டு இறுகிப்போன சூயிங்கம் துணுக்குகளின் மேல் படம் வரைகிறார். தரையில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, சின்னத் தீச்சுடரால் அந்தக் கம்மை இளக்கி, மேலே ஒரு பூச்சு கொடுத்து, மெல்லிய தூரிகையால் அக்ரிலிக் வண்ணம் தீட்டி, கடைசியாக வார்னிஷ் பூசுகிறார். ஒவ்வொன்றும் நாணய அளவுதான் இருக்கும். தேம்ஸ் நதியின் மேலுள்ள மில்லினியம் பாலத்தில் இவர் வரைந்தவை ஏராளம். பாலத்தின் உலோகத் தளத்தில் வரிவரியாகப் பள்ளங்கள் உண்டு, கம் அவற்றுக்குள் போய் அப்பிக்கொள்ளும். நடைபாதையைத் தொடாமல் எவரோ துப்பிய கம்மின் மேல் மட்டும் வரைவதால், பொதுச்சொத்தைச் சேதப்படுத்தியதாகத் தன்மேல் குற்றம் சொல்ல முடியாது என்பது அவர் வாதம். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்தது அதன் அளவுதான். அந்தப் பாலத்தில் நூறு பேர் நடந்தால் இரண்டு பேர் குனிந்து பார்த்தாலே பெரிய விஷயம், அந்த இரண்டு பேருக்காக ஒருவர் மணிக்கணக்கில் தரையில் படுத்துக் கிடக்கிறார்.

பள்ளங்களையும் விடாதீர்கள். பிரான்சின் லியோன் நகரில் எமமெம் என்ற பெயரில் முகம் காட்டாமல் வேலை செய்பவர், பெயர்ந்த நடைபாதையின் குழிகளை அளவெடுத்தது போன்ற வண்ண ஓட்டுக் கோலங்களால் நிரப்புகிறார். உடைந்த சுவர்களின் பொந்துகளில் லெகோ விளையாட்டுக் கட்டைகளை அடைத்து வைக்கும் வேலையை யான் ஃபோர்மன் 2007இல் தொடங்கினார், பிறகு வேறு வேறு ஊர்க்காரர்கள் அவரவர் ஊரில் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். இரண்டுமே அழகான கேலியும் பழுதுபார்ப்பும் சேர்ந்தவை.

சுவரைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

ஒரு சுவர் முழுக்கக் கிறுக்கலாகத் தெரிந்தால் அலுத்துக்கொண்டு நகர்ந்துவிடாதீர்கள். அதில் எழுத்தும் உண்டு, இலக்கணமும் உண்டு. சுவரில் தங்கள் பெயரை எழுதும் இந்தக் கலைக்கு கிராஃபிட்டி என்று பெயர். அதை எழுதுபவர்கள் மூன்று வகையைப் பிரித்துச் சொல்வார்கள். ஒரே வண்ணத்தில், ஒரே வீச்சில், கையெழுத்துப் போலப் போட்டுவிட்டுப் போவது டேக். உப்பலான எழுத்துகளை இரண்டு வண்ணங்களில் சில நிமிடங்களில் போடுவது த்ரோ-அப். பல வண்ணங்களோடு, நிழல், பின்னணி எல்லாம் வைத்து மணிக்கணக்கில் வரைவது பீஸ். எழுத்துகள் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்து அம்புகள் நீட்டிக்கொண்டு, வெளியாருக்கு வாசிக்கவே முடியாதபடி இருந்தால் அதற்கு வைல்ட்ஸ்டைல் என்று பெயர்.

டேக் அலங்கோலம் என்று நினைப்பவர்கள் அதன் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது. 1960களின் கடைசியில் நியூயார்க்கில் கடிதங்களையும் பொட்டலங்களையும் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை பார்த்த ஓர் இளைஞர், தன் செல்லப்பெயரையும் தான் குடியிருந்த 183ஆம் தெருவின் எண்ணையும் சேர்த்து ‘டாகி 183’ என்று போகிற இடமெல்லாம் எழுதினார். 1971 ஜூலையில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் அதைச் செய்தியாக்கியது. அதன் பிறகு ரயில் பெட்டிகள் முழுக்கப் பெயர்கள் வந்தன. பெரிய நகரத்தில் யார் கண்ணிலும் படாத ஒருவர் ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று எழுதிப் பார்த்ததில் தொடங்கியது இது. நியூயார்க் போக்குவரத்துத் துறை கடைசி கிராஃபிட்டி ரயிலை ஓட்டத்திலிருந்து எடுக்க 1989 மே மாதம் ஆனது.

சுவரில் யார்மேல் யார் வரையலாம் என்பதற்கும் எழுதப்படாத விதி இருக்கிறது. டேக்கின் மேல் த்ரோ-அப் போடலாம், த்ரோ-அப்பின் மேல் பீஸ் வரையலாம். நல்ல பீஸ் ஒன்றின் மேல் அவசர டேக் போட்டால் அது அவமரியாதை. இது தெரிந்தபின் சுவரைப் பார்த்தால் யார் யாருக்கு மரியாதை கொடுக்கிறார்கள், எங்கே சண்டை நடக்கிறது என்பது தெரிய ஆரம்பிக்கும். சாவோ பாவ்லோவில் பிஷாசோ என்று இன்னொரு மரபு இருக்கிறது. கறுப்பு நிறத்தில், ஒல்லியாக, நெட்டையாக, கூர்கூராக எழுதுவார்கள். ஹெவி மெட்டல் இசைத்தட்டு உறைகளின் எழுத்திலிருந்து உருவான வடிவம் அது. அங்கே எழுத்தின் அழகைவிட, எவ்வளவு உயரமான கட்டடத்தில் ஏறி எழுதினார் என்பதே பெருமை. உயிரைப் பணயம் வைத்து ஏறுவதை நான் மெச்சமாட்டேன். ஆனால் நகரத்தின் ஓரத்திலிருந்து வரும் ஏழை இளைஞர்கள் நகர மையத்தின் நெற்றியில் தங்கள் பெயரை எழுதுகிறார்கள் என்பதை மறந்துவிட்டு அந்த எழுத்தைப் பார்க்கவும் முடியாது.

அட்டையில் வடிவத்தை வெட்டி, சுவரில் வைத்து மேலே சாயம் அடிப்பது ஸ்டென்சில். அதைக் கண்டுபிடிப்பது எளிது. விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் இருக்கும், ஓரங்களில் மட்டும் சாயம் மெல்லப் புகைபோல் படிந்திருக்கும். இன்னொரு அடையாளம் ‘பாலம்’. அட்டையில் ‘வ’ என்ற எழுத்தை வெட்டிப் பாருங்கள், சுழிக்குள் இருக்கும் துண்டு கீழே விழுந்துவிடும். அது விழாமல் பிடித்துக்கொள்ள ஒரு மெல்லிய பட்டையை வெட்டாமல் விட வேண்டும். சுவரில் எழுத்துக்கு நடுவே தெரியும் அந்தச் சிறு இடைவெளிதான் பாலம். வேலை எல்லாம் வீட்டிலேயே முடிந்துவிடும், தெருவில் அரை நிமிடம்தான். பாரிஸில் 1981 முதல் எலிகளை ஸ்டென்சிலாக அடித்த பிளெக் லெ ரா இந்த வழியை எடுத்ததற்கும், பின்னால் பிரிட்டனின் பாங்க்ஸி அதையே எடுத்ததற்கும் இந்த வேகம் முக்கியமான காரணம்.

காகிதத்தில் வரைந்து மாவுப்பசையால் ஒட்டுவது பேஸ்ட்-அப். மூலைகள் சுருண்டு உரிந்து, அடியிலுள்ள பழைய காகிதம் எட்டிப் பார்க்கும். ஒரு மூலையைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். கை வைக்காதீர்கள், பார்த்தால் போதும். இசை நிகழ்ச்சி அறிவிப்பின் மேல் தேர்தல் சுவரொட்டி, அதன் மேல் காணாமல்போன பூனையின் படம், அதன் மேல் இந்த ஓவியம் என்று ஒரு வருடத்துச் செய்தி அந்த விரல் தடிமனில் அடங்கியிருக்கும்.

எதைப் பார்த்தாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள். யார் வைத்தது? யாரைக் கேட்டு வைத்தது? எவ்வளவு நாள் இருக்கும்? கீத் ஹாரிங் 1980 முதல் 1985 வரை நியூயார்க் சுரங்க ரயில் நிலையங்களில், விளம்பரம் இல்லாத பலகைகளை மூட ஒட்டிய கறுப்புக் காகிதத்தின் மேல் வெள்ளைச் சாக்பீசால் வரைந்தார். யாரையும் கேட்கவில்லை, அடுத்த விளம்பரம் வந்ததும் படம் மறைந்துவிடும். பெரிய பெயர் வந்த பிறகும் கொஞ்ச காலம் அதை விடாமல் செய்தார். மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்தால் அந்தச் சாக்பீஸ் கோடு வேறு மாதிரி தெரியும்.

அனுமதி வாங்கியதும் வாங்காததும்

இப்போது பல நகரங்களில் மாநகராட்சிகளே சுவரோவியம் வரையச் சொல்கின்றன. பிலடெல்ஃபியாவில் 1984இல் கிராஃபிட்டியை ஒழிக்கத் தொடங்கிய திட்டத்துக்குள், சுவரில் எழுதிய இளைஞர்களையே அழைத்து ஓவியம் வரைய வைத்தார்கள். அது வளர்ந்து இன்று ஆயிரக்கணக்கான சுவரோவியங்கள் உள்ள நகரமாகிவிட்டது. டெல்லியில் லோதி காலனியின் அரசுக் குடியிருப்புச் சுவர்கள் அனுமதியோடு ஓவியத் தெருக்களாகியிருக்கின்றன. லண்டன் வாட்டர்லூ ரயில் நிலையத்துக்கு அடியிலுள்ள லீக் தெருச் சுரங்கத்தில் 2008இல் பாங்க்ஸி ஒரு விழா நடத்தினார். அதிலிருந்து அங்கே யார் வேண்டுமானாலும் வரையலாம். காலையில் வரைந்தது மாலைக்குள் இன்னொன்றுக்கு அடியில் போகலாம், அது தெரிந்தேதான் வரைகிறார்கள். புதிதாகப் பார்க்க வருபவர்களுக்கு இப்படிப்பட்ட இடத்தைத்தான் முதலில் சொல்வேன். வரைபவரை நேரில் பார்க்கலாம், பேசலாம்.

ஆனால் ஐந்து மாடி உயரத்தில் பளபளவென்று ஓவியம் தெரிந்தால் அதன் கீழ்மூலையைப் பாருங்கள். அங்கே யாருடைய சின்னம் இருக்கிறது? கலைஞரின் பெயரா, கட்டுமான நிறுவனத்தின் பெயரா, குளிர்பானத்தின் பெயரா? வீட்டு விலையை ஏற்றுவதற்காகவே சுவரில் படம் போடுவது பல நகரங்களில் வழக்கமாகிவிட்டது. படம் நன்றாக இருக்கலாம். அந்தத் தெருவில் முன்பு குடியிருந்தவர்கள் இன்னும் இருக்கிறார்களா என்பதையும் சேர்த்து விசாரித்தால்தான் பார்த்தது முழுமையாகும்.

நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் ஃபைவ் பாயிண்ட்ஸ் என்றொரு பழைய ஆலைக் கட்டடம் இருந்தது. உரிமையாளரின் சம்மதத்தோடு பல ஆண்டுகள் அதன் சுவர்களில் கலைஞர்கள் வரைந்தார்கள். அடுக்குமாடி கட்ட முடிவானதும் 2013 நவம்பரில் ஓர் இரவில் எல்லாவற்றின் மேலும் வெள்ளையடித்துவிட்டார்கள். வழக்கு நடந்தது. காட்சிக் கலைஞர்களின் உரிமைக்காக 1990இல் வந்த சட்டத்தைக் காட்டி, 2018இல் கூட்டாட்சி நீதிபதி ஒருவர் 21 கலைஞர்களுக்கு 67 லட்சம் டாலருக்கும் மேல் இழப்பீடு கொடுக்கச் சொன்னார். மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2020இல் அதை உறுதி செய்தது. சுவர் ஒருவருடையது, அதன் மேலுள்ள படம் இன்னொருவருடையது என்று ஒரு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது பெரிய செய்தி. கட்டடம் போனது போனதுதான்.

அழித்த இடங்களையும் பாருங்கள். மாநகராட்சி ஊழியர்கள் பூசும் சாயம் சுவரின் நிறத்தோடு ஒருபோதும் சரியாகப் பொருந்தாது. அதனால் சாம்பல், பழுப்பு என்று செவ்வகத் திட்டுகள் தெரியும். கிராஃபிட்டி உலகில் இதற்கு பஃப் என்று பெயர். இந்தத் திட்டுகளிலிருந்து பிறந்த ஒரு கதை எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடிக்கும். 1980களில் போலந்தில் இராணுவச் சட்டம் இருந்தபோது அரசுக்கு எதிராக எழுதிய முழக்கங்களை அதிகாரிகள் சாயம் பூசி மறைத்தார்கள். வ்ரோட்ஸ்வாஃப் நகரில் ஆரஞ்சு மாற்று என்ற குழுவினர் அந்தச் சாயத் திட்டுகளின் மேல் தொப்பி போட்ட குள்ளமனிதர்களை வரைய ஆரம்பித்தார்கள். குள்ளமனிதனை வரைந்ததற்காக ஒருவரைக் கைது செய்தால் காவல்துறைதான் சிரிப்புக்கு இடமாகும். 1988 ஜூனில் ஆயிரக்கணக்கானவர்கள் ஆரஞ்சுத் தொப்பி போட்டுக்கொண்டு ஊர்வலமே போனார்கள். ஆட்சி மாறிய பின் 2001இல் அந்த நினைவாக வெண்கலத்தில் ஒரு குள்ளமனிதர் சிலை வந்தது. 2005 முதல் முழங்காலுக்குக் கீழே நிற்கும் சின்னச் சின்ன வெண்கலக் குள்ளர்கள் நகரமெங்கும் முளைத்து, இன்று நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். சுற்றுலா வருபவர்கள் பிள்ளைகளோடு அவர்களைத் தேடி நடக்கிறார்கள். நீங்கள் தேடும்போது பிள்ளைகளுக்கு அந்தச் சாயத் திட்டின் கதையையும் சொல்லுங்கள்.

யாரும் வரையாத கலை

எல்லாத் தெரு விநோதமும் வேண்டுமென்று செய்ததாக இருக்காது. டோக்கியோவின் யோட்சுயா பகுதியில் 1972இல் கலைஞர் அகாசெகாவா கென்பேய் ஒரு படிக்கட்டைக் கவனித்தார். சுவரோடு ஒட்டி ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்குகிறது. உச்சியில் கதவு இல்லை. போய்ச் சேர இடமே இல்லை. ஆனால் அதன் கைப்பிடியில் உடைந்துபோன பகுதியை யாரோ புது மரம் வைத்துச் சரிசெய்திருந்தார்கள். பயனே இல்லாத ஒன்றை ஏன் பராமரிக்கிறார்கள்? அந்தக் கேள்வியிலிருந்து அவரும் மாணவர்களும் இப்படிப்பட்டவற்றைத் தேடிச் சேர்க்க ஆரம்பித்தார்கள். இவற்றுக்குத் தாமஸன் என்று பெயர் வைத்தார்கள். 1981, 1982இல் யோமியுரி ஜயண்ட்ஸ் அணிக்குப் பெரும் சம்பளத்தில் வந்து, பந்தைத் தொடாமலே மட்டையை வீசிக்கொண்டிருந்த அமெரிக்க பேஸ்பால் வீரர் கேரி தாமஸனின் பெயர் அது. 1986இல் அகாசெகாவா, கட்டட வரலாற்றாளர் ஃபுஜிமோரி தெருநோபு முதலானவர்கள் சேர்ந்து தெருவைக் கவனிப்பதற்கென்றே ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள்.

இதை எந்த நகரத்திலும் இன்றே தொடங்கலாம். இரண்டாம் மாடிச் சுவரில் படியே இல்லாமல் ஒரு கதவு. செங்கல் வைத்து அடைத்த பிறகும் வெயில்மறைப்பு அப்படியே இருக்கும் ஜன்னல். வேலி போன பின்னும் பூட்டோடு தனியாக நிற்கும் வாயில். இடித்த வீட்டின் மாடிப்படி, பக்கத்துச் சுவரில் படிப்படியாக விட்டுப்போன தடம். ஒரு குறிப்பேட்டில் இடத்தையும் தேதியையும் எழுதி, ‘யாரோ இதை இன்னும் கவனித்துக்கொள்கிறார்களா?’ என்ற கேள்விக்குப் பதிலையும் எழுதுங்கள். பெருநகரம் எத்தனை தடவை மனம் மாறியிருக்கிறது என்பது இந்தக் குறிப்பேட்டில் தெரிவதுபோல் வேறெங்கும் தெரியாது. பணச்செலவே இல்லாத, யாருக்கும் தொந்தரவில்லாத பொழுதுபோக்கு. புதிதாக வருபவர்களுக்கு இதையும் தாராளமாகச் சிபாரிசு செய்வேன்.

தெருவில் ஆடுபவர்கள், வாசிப்பவர்கள்

சுவரை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் முறைத்துப் பார்க்கலாம். மனிதர்களிடம் கொஞ்சம் நடத்தை வேண்டும்.

தெருவில் வாசிப்பவர்கள் எல்லோரும் போகிற போக்கில் உட்கார்ந்தவர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். பாரிஸ் மெட்ரோவில் வாசிக்க 1997 முதல் தேர்வு வைத்துத்தான் அனுமதி அட்டை கொடுக்கிறார்கள். லண்டன் சுரங்க ரயிலில் 2003 முதல் உரிம முறை இருக்கிறது. வாசிக்கும் இடத்தைத் தரையில் அரைவட்டமாகக் குறித்திருப்பார்கள், நேரம் ஒதுக்கிக் கொடுப்பார்கள். ஒரு பாட்டு முழுக்க நின்று கேட்டால், ஒரு நிமிடம் படம் பிடித்தால், ஏதாவது போட்டுவிட்டுப் போங்கள். காசைத் தூக்கி எறியாமல் குனிந்து வையுங்கள். பாட்டு நடுவில் பேச்சுக் கொடுக்காமல் முடியும் வரை பொறுங்கள். கூட்டம் இல்லாதபோது முதல் ஆளாக நின்றால் அது காசைவிடப் பெரிய உதவி. ஒருவர் நின்றால்தான் மற்றவர்களுக்கும் நிற்கத் தோன்றும்.

ஹிப்-ஹாப் இசையோடு வளர்ந்த பிரேக்கிங் என்ற தெரு நடனத்தை ஆடுபவர்கள் வட்டமாக நிற்பார்கள். அந்த வட்டத்துக்கு சைஃபர் என்று பெயர். 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க் பிராங்க்ஸில் டிஜே கூல் ஹெர்க் நடத்திய விருந்திலிருந்து ஹிப்-ஹாப்பின் கதையைத் தொடங்குவார்கள். அங்கே ஆடியவர்களின் ஆட்டம் 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்ஸ் வரை போனது. ஆனால் தெருவில் வட்டத்தின் விதிகள் பழையவைதான். ஒருவர் ஆடும்போது இன்னொருவர் நுழையமாட்டார். வட்டத்துக்குக் குறுக்கே நடக்காதீர்கள், படம் எடுக்கக் கைப்பேசியை நடுவில் நீட்டாதீர்கள். விளிம்பில் நின்று தாளத்துக்குத் தலையாட்டினாலே இடம் கொடுப்பார்கள்.

ஸ்கேட்போர்டுக்காரர்களைப் பார்த்தால் எந்தப் படி, எந்தத் திண்டு, எந்தச் சரிவைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று கவனியுங்கள். கட்டடக் கலைஞர் உட்கார வைத்த திண்டை அவர்கள் வேறொன்றாகப் படிக்கிறார்கள். லண்டன் தென்கரையில் ஒரு கலையரங்கக் கட்டடத்தின் அடியிலுள்ள கான்கிரீட் வெளியில் 1970களிலிருந்து ஸ்கேட் செய்கிறார்கள். 2013இல் அங்கே கடைகள் கட்டத் திட்டம் வந்தபோது பெரிய இயக்கம் நடத்தி, 2014இல் அந்த இடம் அவர்களுக்கே என்று உடன்பாடு வாங்கினார்கள்.

கூச்சமில்லாமல் கலந்துகொள்ளும் இடங்களும் உண்டு. பெர்லினில் மவுவர் பூங்காவின் கல்படி அரங்கில் 2009 முதல் வெயில் கால ஞாயிறுகளில் திறந்தவெளிக் கரோக்கி நடக்கிறது. சுருதி தப்பினாலும் பெரிய கூட்டம் கைதட்டும். உங்கள் நகரத்திலும் இப்படி ஒரு மூலை இருக்கும். வாசிப்பவர்களிடமே விசாரித்தால் சொல்வார்கள்.

படம் எடுப்பது பற்றி ஒரு வார்த்தை

சுவரைத் தனியாக ஒரு படம், தெருவோடு சேர்த்து ஒரு படம் என்று இரண்டு எடுங்கள். பத்து வருடம் கழித்து இரண்டாவதுதான் மதிப்பாகத் தெரியும். வரைந்துகொண்டிருப்பவரின் முகத்தைக் கேட்காமல் எடுக்காதீர்கள். அவர் அனுமதியின்றி வரைபவராக இருந்தால் உங்கள் படமே அவருக்கு எதிரான சாட்சியாகிவிடும். சொந்தப் பார்வைக்கு எடுப்பதில் பொதுவாகச் சிக்கல் இல்லை. விற்க நினைத்தால் நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. ஜெர்மனியில் பொதுவெளியில் நிரந்தரமாக உள்ள கலைப்படைப்புகளின் படங்களை வணிகத்துக்கும் பயன்படுத்தலாம். பிரான்சில் கலைஞரின் அனுமதி வேண்டும்.

நீங்களே ஒன்று செய்ய ஆசைப்பட்டால்

சட்டத்தைத் தெரிந்துகொண்டு தொடங்குங்கள். சிங்கப்பூரில் 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி சுவரில் சாயம் பூசுவதற்குப் பிரம்படி வரை தண்டனை உண்டு. பிரேசிலில் 2011இல் வந்த சட்டத் திருத்தம், உரிமையாளர் சம்மதத்தோடு வரையும் கிராஃபிட்டி குற்றமில்லை என்று பிரித்துவைத்தது. உங்கள் நகரத்தில் அனுமதித்த சுவர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் ஒரு சுவரின் சொந்தக்காரரிடம், வரையப்போகும் படத்தைக் காகிதத்தில் காட்டிக் கேளுங்கள். சம்மதத்தை எழுத்தில் வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கைப்பழக்கத்துக்குச் சாக்பீஸ் போதும், மழை பெய்தால் போய்விடும். மாக்டா சேயெக் 2005இல் ஹியூஸ்டனில் ஒரு கதவின் கைப்பிடிக்குக் கம்பளி நூலில் உறை பின்னிப் போட்டார். அதிலிருந்து கம்பங்களுக்கும் வேலிகளுக்கும் பின்னல் உறை போடுவது உலகமெங்கும் பரவியது. கழற்றினால் அடியில் தடயமே இருக்காது. மரத்தில் கட்டினால் மட்டும் சில வாரங்களில் நீங்களே போய் அவிழ்த்துவிடுங்கள், ஈரம் தங்கிப் பட்டை கெட்டுவிடும்.

ஸ்ப்ரே டப்பாவை எடுத்தால் தூசி முகமூடி போதாது. கரைப்பான் ஆவியைத் தடுக்கும் வடிகட்டி வைத்த முகமூடி வேண்டும், கையுறை வேண்டும். டப்பாவை இரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்து, கை ஓட ஆரம்பித்த பிறகு அழுத்துங்கள், கை நிற்கும் முன் விடுங்கள். அப்போதுதான் கோட்டின் தொடக்கத்திலும் முடிவிலும் சாயம் வழியாது. மெல்லிய கோட்டுக்கும் அகலக் கோட்டுக்கும் சாயம் பீறிடும் தனித்தனி முனை மூடிகள் உண்டு, மாற்றிப் போட்டுப் பழகுங்கள். முடிந்ததும் டப்பாவைத் தலைகீழாகப் பிடித்து, சாயம் நின்று வெறும் காற்று வரும்வரை அழுத்தினால் மூடி அடைத்துக்கொள்ளாது.

வழிபாட்டிடம், கல்லறை, நினைவுச்சின்னம், பழைய கல் கட்டடம், ஒருவர் குடியிருக்கும் வீடு, இவற்றைத் தொடக்கூடாது. தெருக்கலைஞர்களில் அநேகர் தாங்களாகவே வைத்திருக்கும் எல்லையும் இதுதான். இறந்துபோன நண்பருக்காக வரைந்த படங்களின் மேலும் யாரும் கை வைப்பதில்லை. பெயரும் பிறந்த, இறந்த வருடங்களும் எழுதியிருந்தால் அது அந்த வகைப் படம் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

இடத்தைச் சொல்வதா வேண்டாமா

அருமையான ஒன்றைக் கண்டுபிடித்ததும் எல்லோருக்கும் சொல்லத் தோன்றும். அனுமதியோடு வரைந்த பெரிய சுவரோவியமென்றால் தாராளமாகத் தெருப்பெயரோடு சொல்லுங்கள். கைக்குள் அடங்கும் சின்னவற்றுக்கு மட்டும் ‘இந்த வட்டாரத்தில்’ என்று நிறுத்திக்கொள்ளுங்கள். 2017இல் பாரிஸில் மாநகராட்சி ஊழியர் போல உடை போட்டுக்கொண்டு வந்த ஆட்கள் இன்வேடரின் ஓட்டுப் படங்களைச் சுவரிலிருந்து பெயர்த்துக்கொண்டு போனார்கள். பாங்க்ஸியின் படங்களைச் சுவரோடு சேர்த்து அறுத்தெடுத்து ஏலத்துக்குக் கொண்டுபோனதும் நடந்திருக்கிறது. நேரில் கேட்பவருக்கு வழி சொல்லுங்கள், முடிந்தால் கூட்டிக்கொண்டு போங்கள். படத்தைப் பகிரும்போது தேதியையும், கலைஞரின் பெயர் சுவரில் தெரிந்தால் அதையும் போடுங்கள். இருப்பிடக் குறியைக் கைப்பேசி தானாகவே சேர்க்கும், பகிர்வதற்கு முன் அதை எடுத்துவிடுங்கள்.